பத்தாம் மாதத்தில் வரும் தாய்

திருவாசகத்தின் போற்றித் திருவகவலில் மாணிக்கவாசகர் ஒரு கருவின் பயணத்தை மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டு போகிறார். யானையிலிருந்து எறும்பு வரை எத்தனையோ பிறவிகளைத் தாண்டி வந்த உயிர், ஒரு தாயின் வயிற்றுக்குள் நுழைகிறது. நுழைந்ததும் முதல் வேலை கிருமிகளோடு போர். அதில் தப்பிய பிறகு முதல் மாதம் இரண்டாகப் பிளந்துவிடாமல் தப்ப வேண்டும். நான்காம் மாதம் பெரும் இருள். ஐந்தாம் மாதம் உள்ளேயே செத்துப்போகும் ஆபத்து. ஒன்பதாம் மாதம் வரை இப்படியே போகிறது. 'பிழைத்தும்' என்ற ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்து விழுகிறது.

கருவைப் பற்றித் தமிழில் நான் படித்தவற்றுள் இதற்கு இணையாக எதுவும் இல்லை. அறியப்பட்ட கர்ப்பங்களிலேயே நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை தானாகக் கலைந்துவிடுகின்றன என்று இன்றைய மருத்துவம் சொல்கிறது. ஸ்கேனும் நுண்ணோக்கியும் இல்லாத காலத்தில், பிறப்பு என்பது உத்தரவாதம் இல்லாத ஒரு காரியம், ஒவ்வொரு மாதமும் தப்பித்தல்தான் என்று ஒருவருக்குத் தோன்றியிருக்கிறதே, அது சாதாரண விஷயம் இல்லை.

ஆனால் மூன்றாவது தடவை படித்தபோது ஒண்ணு உறுத்தியது. இந்த ஒன்பது மாதமும் தாய் எங்கே போனாள்? அவளுடைய வயிறு தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது, ஓர் இடமாக. போர்க்களத்துக்குப் பெயர் வேண்டுமில்லையா, அந்த மாதிரி. அவள் ஓர் ஆளாக, வலி உள்ளவளாக வருவது பத்தாம் மாதத்தில். பிரசவத்தின் துயரக் கடலை உயிர் 'தாயோடு சேர்ந்து' கடக்கிறது என்று அங்கேதான் முதல்முறையாகச் சொல்லப்படுகிறது. அதோடு சரி. பிறந்த பிறகும் ஆபத்துகளின் பட்டியல் தொடர்கிறது. அதில் அடுத்துப் பெண் வருவது கண்ணால் ஆளைக் கொள்ளையடிக்கிறவளாக. முதலில் இடம், ஒரு கணம் துணை, அப்புறம் ஆபத்து.

பக்தி இலக்கியத்தைக் கொண்டுவந்து இன்றைய அரசியலில் நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்கலாமா என்று சிலர் கோபப்படுவார்கள். நியாயம்தான். மாணிக்கவாசகர் கருக்கலைப்பைப் பற்றி எழுதவில்லை. சிவனை அடையும் உயிரின் கதை அது. அதில் தாய்க்கு வேலை குறைவு. அவரை நான் குற்றம் சாட்டவில்லை. அவரிடமிருந்து ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பிறவாத உயிரைப் பற்றிப் பேசும் எந்தப் பிரதியையும், அது பாட்டாக இருந்தாலும் சட்டமாக இருந்தாலும், இப்படிக் கேட்டுப் பார்க்கலாம்: இதில் தாய் எத்தனையாவது மாதத்தில் வருகிறாள்?

*

கருக்கலைப்பு விவாதம் வந்தால் சிலர் உடனே எடுத்து நீட்டும் பாட்டு புறநானூறு 34. ஆலத்தூர் கிழார் கிள்ளிவளவனைப் பாடியது. பசுவின் மடியை அறுத்தவர்கள், பெண்களின் கருவைச் சிதைத்தவர்கள், பார்ப்பாருக்குக் கொடுமை செய்தவர்கள் என எல்லாருக்கும் கழுவாய் உண்டு, நன்றி கொன்றவர்களுக்கு மட்டும் கிடையாது என்கிறது பாட்டு. 110ஆம் குறளுக்கு உரை சொல்லும்போது பரிமேலழகரும் பெரிய அறங்களைச் சிதைத்தல் என்பதற்கு இதே மூன்றைத்தான் காட்டுகிறார். 'பாத்தீங்களா, சங்க காலத்துலயே இது மகாபாவம்' என்று முடித்துவிடுவார்கள்.

கொஞ்சம் நின்று படித்தால் இரண்டு விஷயங்கள் தெரியும். ஒன்று, பாட்டின் அக்கறை கருவின் மேல் இல்லை. மன்னனிடம் சோறு தின்ற புலவன் நன்றி மறக்க மாட்டான் என்பதுதான் சேதி. நன்றியின் எடையைக் காட்டத் தராசின் அடுத்த தட்டில் வைக்கப்பட்ட படிக்கல்தான் கரு.

இரண்டாவது விஷயம்தான் முக்கியம். சிதைப்பவர் யார்? பசுவின் மடியை அறுப்பது பசு இல்லை. அதே வரிசையில், அதே வாக்கிய அமைப்பில் வரும் பெண்களின் கருவைச் சிதைப்பதும் அந்தப் பெண்கள் இல்லை, வேறு யாரோ. கர்ப்பிணி மேல் இன்னொருவர் நடத்தும் வன்முறையைத்தான் பாட்டு பெரும்பாவம் என்கிறது. தன் வயிற்றைப் பற்றி ஒரு பெண் தானே எடுக்கும் முடிவைப் பற்றி அது வாயே திறக்கவில்லை. கருக்கலைப்புக்கு எதிரான சாட்சியாக இந்தப் பாட்டைக் கூண்டில் ஏற்றுகிறவர்கள், அது சொல்லாத ஒன்றைச் சொல்ல வைக்கிறார்கள்.

சரி, தாய் வாய் திறந்து பேசும் கதையே இல்லையா? இருக்கிறது. பெரியபுராணத்தில் கோச்செங்கட்சோழன் பிறக்கும் கதை. கமலவதிக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டது. இன்னும் ஒரு நாழிகை கழித்துப் பிறந்தால் குழந்தை மூவுலகையும் ஆளும் என்கிறார்கள் காலம் கணிப்பவர்கள். அப்படியானால் என் காலைக் கட்டித் தலைகீழாகத் தூக்குங்கள் என்கிறாள் கமலவதி. அப்படியே செய்கிறார்கள். நேரம் வந்ததும் இறக்கிவிடுகிறார்கள். குழந்தை சிவந்த கண்ணோடு பிறக்கிறது. அந்தக் கண்ணைப் பார்த்துப் பெயரைச் சொல்லி அழைத்துவிட்டுத் தாய் இறந்துபோகிறாள். புராணம் மேற்கொண்டு மன்னனின் திருப்பணிகளுக்குப் போய்விடுகிறது.

இங்கே கேட்டவளும் முடிவெடுத்தவளும் அவள்தான். அந்த முடிவுக்கு ஒரு கம்பீரம் இருப்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவள் குரலுக்கு இடம் கிடைப்பது எந்த வாக்கியத்துக்கு என்று பாருங்கள். தன் உயிரை விடுகிறேன் என்கிற ஒரே வாக்கியத்துக்கு. 'வேண்டாம், என்னால முடியல' என்று அதே கமலவதி சொல்லியிருந்தால் அந்தக் கதையை யார் பாடியிருப்பார்கள்?

*

இதையெல்லாம் ஏடுகளில் மட்டும் தேட வேண்டியதில்லை. சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயிலில் பெரியாச்சி இருக்கிறாள். மடியில் ஒரு பெண்ணைக் கிடத்தி வயிற்றைக் கிழித்துக்கொண்டு, ஒரு கையில் குழந்தையை உயரத் தூக்கிப் பிடித்திருப்பாள். காலடியில் ஓர் ஆண். கதை ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். கொடுங்கோல் மன்னன், பிறக்கும் பிள்ளை தரையைத் தொட்டால் நாடு அழியும் என்ற வாக்கு, பிரசவம் பார்க்க வந்த மருத்துவச்சியே பெரியாச்சி. பிள்ளையைத் தரையில் விடாமல் தாங்கிக்கொண்டு மன்னனையும் ராணியையும் முடித்துவிடுகிறாள். இங்கே சிங்கப்பூரில் பிள்ளை பிறந்து முப்பதாம் நாள் அவளுக்குப் படையல் போடும் வழக்கம் இன்றும் இருக்கிறது. கர்ப்பிணிகளுக்கும் பச்சைப் பிள்ளைகளுக்கும் அவள்தான் காவல்.

இலக்கியம் மழுப்பியதை இந்தச் சிலை மறைக்கவில்லை. ஒரு கையில் பிள்ளை, இன்னொரு கையில் தாயின் குடல். பிறப்பில் இரண்டு உயிர்கள் இருக்கின்றன, இரண்டின் நலமும் எப்போதும் ஒன்றாக இருக்காது என்பதை இவ்வளவு பச்சையாகச் சொல்லும் இன்னொன்றை நான் பார்த்ததில்லை. கர்ப்பிணிப் பெண்கள் வந்து கும்பிடுவது இதே உருவத்தைத்தான். அவர்களுக்குத் தெரியாததைச் சிலை சொல்லிவிடவில்லை.

அந்தக் கோயிலிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் ஹேம்ஷியர் சாலை. இன்று நிலப் போக்குவரத்து ஆணையம் இருக்கும் அந்தக் கட்டடங்கள் ஒரு காலத்தில் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனை. மலாயில் அந்தப் பெயருக்கு எருமைத் தொழுவம் என்று பொருள். 1966இல் மட்டும் அங்கே 39,835 குழந்தைகள் பிறந்தார்கள். ஒரே மருத்துவமனையில் ஓர் ஆண்டில் அத்தனை பிரசவம் என்பது அன்றைக்கு உலக சாதனை. புதிதாகப் பிறந்த நாடு ஒன்று அந்த எண்ணைப் பார்த்துப் பயந்தது. அதே ஆண்டுதான் குடும்பக் கட்டுப்பாட்டு வாரியமும் அமைக்கப்பட்டது.

*

அதற்கு முன்பு இங்கே இருந்த சட்டம் மெக்காலே வரைந்து 1860இல் இந்தியாவில் நிறைவேறிய தண்டனைச் சட்டத்தின் பிரதி. நீரிணைக் குடியேற்றங்களுக்கு அது 1871இல் வந்தது. 1883இல் அதே குடும்பத்துச் சட்டம் ஒன்று இலங்கைக்கும் போனது. அங்கே இன்றும் தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டுமே கருவைக் கலைக்கலாம். சென்னையில் இருந்தாலும் யாழ்ப்பாணத்தில் இருந்தாலும் தேக்காவில் இருந்தாலும் தமிழ்ப் பெண்ணின் வயிற்றுக்கு அன்று வாசகம் ஒன்றுதான்.

அதன் 312ஆம் பிரிவில் இரண்டு விஷயங்கள் உண்டு. தன் கருவைத் தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணும் இந்தப் பிரிவில் அடங்குவாள் என்று ஒரு விளக்கம் சேர்த்திருக்கிறார்கள். புறநானூறு சொல்லாததை மெக்காலே சொன்னார். அடுத்தது தண்டனை அளவு. சாதாரணமாக மூன்று ஆண்டு வரை சிறை. வயிற்றில் பிள்ளை அசையத் தொடங்கிய பிறகு என்றால் ஏழு ஆண்டு வரை. பிள்ளை அசைந்ததா என்று முதலில் யாருக்குத் தெரியும்? அவளுக்குத்தான். நான் படித்த சட்ட வாசகங்களில் பெண்ணின் உடலறிவை அளவுகோலாக வைத்த கோடு இது ஒன்றுதான். அவள் சாட்சி தேவைப்பட்ட அந்த ஓர் இடமும் அவள் தண்டனையைக் கூட்டுவதற்கு.

1969 டிசம்பரில் சிங்கப்பூர் நாடாளுமன்றம் கருக்கலைப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. 1970இல் நடப்புக்கு வந்தது. அப்போது ஒரு குழுவின் அனுமதி வாங்க வேண்டும். 1974இல் அதுவும் போய், 24 வாரம் வரை பெண் கேட்டாலே போதும் என்றானது. ஆசியாவிலேயே மிகத் தாராளமான சட்டங்களில் ஒன்று. கணவனின் சம்மதம் தேவையில்லை. அவளுடைய எழுத்துபூர்வமான சம்மதம்தான் வேண்டும். வெளியே சொன்னால் குற்றம். என் கேள்வியை இந்த வாசகத்திடம் கேட்டால் நல்ல பதில் வருகிறது. இவ்வளவு நூற்றாண்டுகளுக்குப் பிறகு ஒரு பிரதியில் அவள் கையெழுத்துப் போடுகிறாள்.

ஆனால் அந்தப் பேனா அவள் கைக்கு ஏன் வந்தது? 1969 டிசம்பர் விவாதத்தில் லீ குவான் யூ பேசியது மக்கள்தொகையின் தரத்தைப் பற்றி. படித்தவர்கள் குறைவாகப் பெறுகிறார்கள், வசதியில்லாதவர்கள் நிறையப் பெறுகிறார்கள் என்பதே கவலை. 1972இல் 'இரண்டே போதும்' இயக்கம். பிள்ளைகளின் எண்ணிக்கை ஏற ஏறப் பிரசவக் கட்டணமும் ஏறியது. 1965இல் 4.66 ஆக இருந்த கருவள விகிதம் பத்தே ஆண்டில் ஏறத்தாழ 2.1க்கு வந்துவிட்டது. 1984இல் பட்டதாரித் தாய்மாரின் பிள்ளைகளுக்குப் பள்ளியில் முன்னுரிமை. இன்னொரு பக்கம், படிப்புக் குறைந்த இளம் தாய் ஒன்றிரண்டு பிள்ளைகளோடு நிறுத்திக் கருத்தடை செய்துகொண்டால் 10,000 வெள்ளி. எதிர்ப்பு கிளம்பியதும் முன்னுரிமைத் திட்டத்தை அடுத்த ஆண்டே கைவிட்டார்கள். 1987இல் காற்று திசை மாறி, 'முடிந்தால் மூன்று அல்லது அதற்கு மேல்' என்றானது.

அதே 1987இல் கருக்கலைப்புக்கு முன் ஆலோசனை கட்டாயமானது. ஆலோசனையும் அதற்குப் பின் 48 மணி நேரக் காத்திருப்பும். கேட்பதற்கு நல்ல விஷயம்தான். ஆனால் யாருக்குக் கட்டாயம்? குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும். அவர்களிலும் மூன்று பிள்ளைகளுக்குக் குறைவாக உள்ளவர்களுக்கு. அவர்களிலும் ஓரளவு படித்தவர்களுக்கு. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வைத் தாண்டாத பெண் வந்தால் இன்னொரு தடவை யோசிச்சுப் பாரும்மா என்று சொல்ல வேண்டிய அவசியம் சட்டத்துக்கு இல்லை. 2010களின் நடுவில்தான் இது எல்லாருக்கும் என்று விரிந்தது.

கருவுக்கு மதிப்பு உண்டு என்று ஒரு சமூகம் நம்பினால் எனக்குப் புரிகிறது. இல்லை, முடிவு முழுக்கப் பெண்ணுடையது என்றாலும் புரிகிறது. தாயின் சான்றிதழைப் பார்த்துக் கருவின் மதிப்பை நிர்ணயிக்கும் இந்த ஏற்பாடு இரண்டுமே இல்லை. ஆலத்தூர் கிழாரின் தராசுதான் இது. அன்று தட்டில் இருந்தது மன்னனின் நன்றி. இங்கே நாட்டின் எதிர்காலம். கரு அதே படிக்கல்லாகத்தான் இருக்கிறது.

இந்த ஏற்பாட்டின் கடைசி வரி ஒர்க் பர்மிட்டில் இருக்கிறது. நம் வீடுகளில் வேலை செய்யும் பணிப்பெண்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனைக்குப் போகிறார்கள். அதில் கர்ப்பப் பரிசோதனையும் உண்டு. குடிமகனையோ நிரந்தரவாசியையோ அனுமதியோடு மணந்திருந்தால் ஒழிய, இங்கே கர்ப்பமாகக் கூடாது, பிள்ளை பெறக் கூடாது என்பது அனுமதியின் நிபந்தனை. மீறினால் ஊருக்குப் போக வேண்டியதுதான். அதே சமயம், கருக்கலைப்புச் சட்டம் வெளிநாட்டவரில் யாருக்கெல்லாம் பொருந்தும் என்று சொல்லும் பட்டியலில் வேலை அனுமதி உள்ள பெண்ணும் இருக்கிறாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். கலைப்பதற்கு அவளுக்கு உரிமை உண்டு, சுமப்பதற்கு இல்லை. தஞ்சாவூரிலிருந்தோ நுவரெலியாவிலிருந்தோ வந்து, ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் காசு அனுப்ப வரிசையில் நிற்கும் அக்காவுக்கு, 'பெண்ணின் தேர்வு' என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம்? தேர்வு என்றால் இரண்டு கதவாவது இருக்க வேண்டும்.

*

'அப்போ நீ என்னதான் சொல்ற, கரு உயிரா இல்லையா?' என்று கேட்பீர்கள். தட்டிக்கழிக்க முடியாத கேள்வி.

2023 அக்டோபரில் இந்திய உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. 27 வயதுப் பெண், திருமணமானவர், இரண்டு பிள்ளைகள். இரண்டாவது குழந்தைக்குப் பாலூட்டிக்கொண்டிருந்ததால் மாதவிடாய் வரவில்லை. கர்ப்பம் தரித்ததே தெரியவில்லை. பிரசவத்துக்குப் பிந்தைய மனநோய்க்கு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். 9ஆம் தேதி நீதிமன்றம் அனுமதி கொடுத்தது. கரு உயிரோடு வெளியே வர வாய்ப்பு இருக்கிறது, அதன் இதயத்தை நிறுத்த வேண்டுமா என்று ஒரு மருத்துவர் மின்னஞ்சலில் கேட்டார். இரண்டு நீதிபதிகள் அமர்வு பிளந்தது. 16ஆம் தேதி மூவர் அமர்வு அனுமதியை மறுத்தது. கர்ப்பம் 26 வாரத்தைக் கடந்திருந்தது; 24 வார வரம்பு தாண்டிவிட்டது, தாயின் உயிருக்கு உடனடி ஆபத்து இல்லை, கருவுக்குக் குறை இல்லை. பிரசவச் செலவை அரசு ஏற்கும், விரும்பினால் குழந்தையைத் தத்துக் கொடுக்கலாம்.

அந்த நீதிபதிகளின் தயக்கத்தை நான் கேலி செய்ய மாட்டேன். 26 வாரக் கரு இன்குபேட்டரில் பிழைக்கக்கூடிய ஒன்று. மாணிக்கவாசகரின் கணக்கில் அது எத்தனையோ ஆபத்துகளில் தப்பி வந்த ஓர் உயிர். எட்டு வாரக் கருவுக்கும் அதற்கும் ஒரே பதிலைச் சொல்ல என்னால் முடியாது. உயிரின் மதிப்பு ஒரே நாளில் விளக்குப் போடுவதுபோல் வந்துவிடுவதில்லை, மாதம் மாதமாகக் கூடுகிறது என்றுதான் நான் நம்புகிறேன். திருவகவலின் அமைப்பே அதைத்தானே சொல்கிறது?

மதிப்பு சரிவாக ஏறுகிறது என்றால், 24 வாரம் என்ற கோட்டை நாம்தான் போடுகிறோம். என் தொழிலில் இது தினமும் நடக்கும். ஒரு மின்தூக்கியில் இத்தனை கிலோ என்று எழுதியிருப்பது இயற்கையின் விதி கிடையாது. அதற்கு ஒரு கிலோ மேலே போனால் கயிறு அறுந்துவிடாது. பாதுகாப்புக்காக இடம் விட்டு மனிதர்கள் போட்ட கோடு. கோடு இல்லாமல் மின்தூக்கி ஓட முடியாது. ஆனால் கோட்டைப் போட்டவருக்கு ஒரு கடமை உண்டு. யார் மேல் அது விழுகிறதோ அவருக்குக் காரணம் சொல்லியாக வேண்டும். தில்லி வழக்கில் என்னை உறுத்துவது முடிவு அல்ல, பேச்சின் வரிசை. தொடக்கத்தில் அவள் சொன்னதை நீதிமன்றம் கேட்டது. ஒரு வாரத்துக்குள் கருவுக்காகப் பேச மருத்துவர், அரசு, நீதிபதி என்று பலர் வந்துவிட்டார்கள். அவளுடைய நோய், மருந்தால் கட்டுப்படுத்தக்கூடியது என்று மருத்துவ அறிக்கையில் ஒரு வரியாகச் சுருங்கியது. அவள் மீண்டும் ஓர் இடமாகிவிட்டாள்.

சிங்கப்பூரில் அப்படி ஒரு வழக்கு நடக்காது, இங்கே சட்டம் தெளிவு என்று நண்பர்கள் சொல்வார்கள். தெளிவுதான். பின்னாளில் அதன் பெயரில் இருந்த கருக்கலைப்பு என்ற சொல்கூடப் போய், 'கர்ப்பத்தை முடித்தல்' என்று இன்னும் தெளிவாகிவிட்டது. ஆனால் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டியிருந்த காலத்தில் கிடைத்த உரிமை அது. 2023இல் நம் கருவள விகிதம் 0.97. எண்ணிக்கை வேண்டும் என்று நாடு தவிக்கும் காலத்திலும் அந்த உரிமை அப்படியே நிற்க வேண்டுமானால், அதற்கு வேறொரு காரணம் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். மக்கள்தொகை, பொருளாதாரம் எதையும் இழுக்காமல், 'அவள் உடல், அவள் வாழ்க்கை, அவளைத்தான் கேட்கணும்' என்று ஒரு தடவையாவது நாம் வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும். 1969இல் அதைப் பிரதான காரணமாக யாரும் முன்வைக்கவில்லை. அந்தக் காரணத்தைச் சொன்னால் ஒர்க் பர்மிட்டில் இருக்கும் பெண்ணுக்கும் அதைச் சொல்ல வேண்டிவரும். அங்கேதான் நமக்குத் தொண்டை அடைக்கிறது.

கடைசியாக ஒன்று. என் கேள்விக்கு மிகச் சரியான பதில் எனக்குக் கிடைத்தது பேச்சுத் தமிழில். ஒருத்தி கர்ப்பமாக இருக்கிறாள் என்பதை நம் ஆயாக்கள் எப்படிச் சொல்வார்கள்? 'அவ முழுகாம இருக்கா.' இந்த மாதம் விலக்காகித் தலை முழுகவில்லை, அவ்வளவுதான் வாக்கியம். கருவைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. எழுவாய் அவள். சேதியும் அவளுக்கு மட்டுமே முதலில் தெரிந்த சேதி. நாலு மாதம் போனால் அதே ஆயா 'வயித்துப் பிள்ளைக்காரி, பாத்து நட' என்பாள். அப்போது பிள்ளையும் வாக்கியத்துக்குள் வந்துவிடுகிறது. அவள் போய்விடுவதில்லை. திருவகவலின் ஏணியில் ஒவ்வொரு படியிலும் ஒருத்தி நிற்கிறாள் என்பதை அந்த ஆயாவுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. சட்டம் எழுதுகிறவர்களுக்கும் அதைப் பற்றிக் கதை எழுதுகிறவர்களுக்கும்தான் இன்னும் சொல்ல வேண்டியிருக்கிறது.